நாக்குக்கு அடியில்

கல்கண்டு இன்னும் பாதிதான் கரைந்திருக்கிறது. அதை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், பல் பிடுங்கிவிட்டுப் பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பவள் மாதிரி. மண்டப வாசலில் எல்லாருக்கும் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த மதினி, எனக்கு மட்டும் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கட்டிக் கல்கண்டை எடுத்து, அவள் கையாலேயே வாயில் போட்டாள். "வாயில கெடக்கட்டும் புஷ்பம். இன்னைக்கு எல்லாம் இனிப்பா இருக்கட்டும்," என்று சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், அண்ணன் மகள் வளைகாப்பில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டால் அதற்கும் ஒரு பேர் வரும். ராஜகனி மதினி கெட்டவள் இல்லை. தீபாவளிக்கு அவளுக்கு எடுக்கும் கடையிலேயே எனக்கும் சேலை எடுப்பாள், விலை குறைத்து எடுத்ததில்லை. அவளுக்கு என் மேல் பயமில்லை, என் நாக்கு மேல்தான் பயம். எனக்குக் கருநாக்காம். நான் எதையாவது கெட்டதாகச் சொன்னால் அது அப்படியே நடந்துவிடுமாம். கண்ணாடி முன்னால் நீட்டி நீட்டிப் பார்த்திருக்கிறேன், ஊரில் எல்லாருக்கும் இருக்கிற நாக்குதான், நடுவில் கொஞ்சம் வெடிப்பு, அவ்வளவுதான். மச்சத்தைக் காணோம் மதினி என்றதற்கு, "அது மேல தெரியாது, நாக்குக்கு அடியில இருக்கும்," என்றாள். மடித்தும் பார்த்துவிட்டேன். நீல நரம்பு இரண்டு ஓடுகிறது. அது அவளுக்கும் ஓடும். பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் மேடையைப் பார்க்கிறேன். சுகிர்தா அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு, கால்களை முக்காலி மேல் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கால். மெட்டி சதைக்குள் புதைந்து கிடக்கிறது. கணுக்கால் இருந்த இடமே தெரியவில்லை. கல்யாண மோதிரத்தை விரலில் காணோம், போட முடியவில்லை போலிருக்கிறது. இமை இரண்டும் இப்போதுதான் அழுது முடித்தவளைப் போலத் தடித்திருக்கின்றன. முன்வரிசையில் ஒருத்தி, "என்னா களை! மூஞ்சி எப்பிடிப் பூரிச்சுப் போயிருக்கு பாருங்க," என்கிறாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். நான் கல்கண்டை வலது கன்னத்துக்கு மாற்றிக்கொள்கிறேன்.

இதே பூரிப்பை நான் பார்த்திருக்கிறேன். செல்வக்கனி அக்காவின் முகத்தில். நான் அப்போது தாவணி, அக்கா பிள்ளைத்தாய்ச்சியாக வீட்டுக்கு வந்திருந்தாள். வெயில் தாழ்ந்த நேரம், அக்கா முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், நான் எதிரில் உட்கார்ந்து பாதியை வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். சும்மா அவள் காலை விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே எழும்பவே இல்லை. எனக்கு அது விளையாட்டாக இருந்தது, இன்னொரு இடத்தில் அமுக்கினேன். அங்கேயும் குழி. அப்புறம் விளையாட்டாக இல்லை. "அம்மா, அக்காவுக்குக் கால் சரியில்லை. செத்தவங்க கால் மாதிரி இருக்கு," என்று கத்தினேன். அதுதான் நான் சொன்னது. அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தேனோ, வேறு சொல் அகப்படவில்லை, அந்த வயதில் வாய்க்கு வந்ததுதானே வார்த்தை. அம்மா கையிலிருந்த கரண்டியோடு வந்து என் வாயிலேயே ஒன்று வைத்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் போடும், ஆண் பிள்ளையாக இருந்தால் அதிகமாகவே போடும், போ, போய் விளக்கை ஏற்று. நான் உதட்டைத் துடைத்துக்கொண்டு போய் விளக்கேற்றினேன். ரெண்டாம் நாள் அக்கா தலைவலி என்று படுத்தாள். கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்றாள். விடியும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி வெட்டி இழுத்தது. ஜன்னி என்றார்கள். மாட்டு வண்டி காலமில்லை, கார் பிடித்துத்தான் போனார்கள், காரிலேயே முடிந்துபோனது, அவளும் உள்ளே இருந்ததும். திரும்பி வந்த அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே என்னிடம் வந்து நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, வாயை. அன்றைக்கு முளைத்ததுதான் இந்த மச்சம். அக்காவுக்கு உடம்பில் என்னமோ வந்து செத்தாள் என்பதை விட, தங்கச்சி சொல்லிச் செத்தாள் என்பது எல்லாருக்கும் சுலபமாகப் புரிந்தது. எனக்கே கொஞ்ச நாள் அப்படித்தான் புரிந்தது.

அதற்கப்புறம் நான் சொன்னதெல்லாம் கணக்கில் சேர ஆரம்பித்தது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சியைக் காயப்போட்டிருந்தபோது மழை வரும்போல என்றேன், வந்தது. புரட்டாசியில் மழை வராமல் வேறு என்ன வரும்? எதிர்வீட்டுப் பையன் புது வண்டியில் பறந்தபோது மெதுவா போப்பா என்றேன், முக்கில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். அவன் அம்மா வந்து வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். மெதுவாகப் போ என்றால் அது சாபமா? ஆனால் ஒன்று, நல்லது சொன்னால் மட்டும் என் நாக்கு சாதாரண நாக்கு. உனக்கு நல்ல வேலை கிடைக்கும் என்று எத்தனை பேரை வாழ்த்தியிருக்கிறேன், எவனும் வேலை கிடைத்ததும் வந்து, அக்கா உங்கள் வாக்கு என்று ஒரு பூந்திப் பொட்டலம் கொடுத்ததில்லை. கெட்டதற்கு மட்டும் பவர். இதில் கூத்து என்னவென்றால், பயந்தவர்களே ரகசியமாகத் தேடியும் வருவார்கள். பலசரக்குக் கடைக்காரர் சம்சாரம் ஒருநாள் கொல்லைப்புறமாக வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, "எதுத்தாப்புல புதுசா கடை போட்டிருக்கான்க்கா. வெளங்காதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க," என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கடை இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது, அதுவும் என் கணக்கில் கிடையாது. என் வீட்டுக்காரர் லாரி ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிற நாளில், நான் குளியலறைக்குள் இருக்கும் நேரம் பார்த்துக் கிளம்பிவிடுவார். ஈரத் தலையோடு ஓடிவந்தால் தெருமுனையில் முதுகுதான் தெரியும். கட்டினவளிடம் வருகிறேன் என்று ஒரு சொல் சொல்லாமல் போகிறாரே என்று முதலில் அழுகை வந்தது. அப்புறம் புரிந்தது, அவர் சொல்லக்கூடாது என்பதில்லை, நான் பார்த்துப் போங்க என்று சொல்லிவிடக்கூடாது. பயந்தாங்கொள்ளி மனுஷன். இப்போதும் இங்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரோ தெரிந்தவர் போலத்தான் இருக்கிறார். இருக்கட்டும். அந்தக் கால் வீங்கித்தான் இருக்கிறது.

வீங்கி. இல்லை, அந்தச் சொல் வேண்டாம். வேறு எப்படிச் சொல்லலாம்? நம்முடைய பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு போர்வை இருக்கிறது. விளக்கை அணை என்று யார் சொல்கிறார்கள், அமர்த்து என்கிறோம். போகிறேன் என்பதற்கு வருகிறேன். அரிசிப் பானை காலியானால் நிறைந்திருக்கிறது என்று மதினி சொல்லியனுப்புவாள், அண்ணன் மூட்டையோடு வருவான். காலியை நிறைவாக்கிவிட்ட இந்த மகராசிகள் இதற்கு ஒரு சொல்லைச் செய்து வைக்கவில்லையே. பிள்ளைக்கு உடம்பு என்று ஆரம்பித்தாலே மதினியின் முகம் இறுகிவிடும். ஒருதடவை ஆஸ்பத்திரிக்கு என்றால், சந்தனம் பூசி உட்காரவைத்திருக்கிற இடத்தில் ஆஸ்பத்திரிப் பேச்சா என்பாள். அக்காவுக்கு வந்த மாதிரி என்று சொன்னால் அவ்வளவுதான், மண்டபமே எழுந்து நிற்கும். ரத்தக் கொதிப்பு பார்த்தீங்களா மதினி? இது கொஞ்சம் தேவலை, டாக்டர் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் பார்த்தீங்களா என்று கேட்டால் பதில் எனக்கே தெரியும். பார்க்கவில்லை. போன வாரம் காட்ட வேண்டிய நாள் கரிநாளாகப் போய்விட்டது. கரிநாளில் பிள்ளைத்தாய்ச்சியை வெளியே கூட்டிப் போவதா, வளைகாப்பு முடியட்டும், நல்ல நாளாகப் பார்த்துப் போவோம் என்று மதினி போனில் யாரிடமோ சொன்னதைக் கேட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் என்ன, நாளைப் பற்றிப் பேசினேன் என்று ஆகியிருக்கும். எதிரே சம்பந்தி வீட்டுக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். அவர்கள் காதில் விழுந்தால் சீக்காளிப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஆகும். மாப்பிள்ளையிடம் சொல்லலாம் என்றால் அவர் துபாயில், ஒரு பெண் தூக்கிப் பிடித்திருக்கிற செல்போனுக்குள் இருந்து கையாட்டுகிறார். ஒருவேளை நான் நினைப்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். எல்லாருக்கும்தான் நீர் போடுகிறது. எனக்கே என் பிள்ளை வயிற்றில் இருந்தபோது செருப்பு நுழையவில்லை, ஒன்றும் ஆகவில்லையே. தப்பாக இருக்கட்டும். என் வாழ்க்கையில் ஒரு தடவையாவது என் பயம் தப்பாகப் போகட்டும். அப்படி நினைத்தாலும் கண் காலுக்குத்தான் போகிறது.

"நாத்தனார் வாங்க, வளையல் போட வாங்க," என்று யாரோ கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டது மதினி இல்லை. ஆனால் அத்தை போடாமல் வளைகாப்பு உண்டா, ஊர் கேட்கும், அதனால் அவளும் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். படி ஏறும்போதே சந்தன வாசமும் வேப்பிலை வாசமும். சந்தனத்தைக் கன்னத்தில் தடவுகிறேன். என் விரல் பட்ட இடத்தில் கன்னம் இட்லி மாவு போல இருக்கிறது. வளையலை எடுத்துப் போடுகிறேன், கட்டைவிரல் முட்டில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் உடைந்துவிடும். இத்தனை பேர் போட்டு உடையாத வளையல் என் கையில் உடைந்தால்! முதுகு வியர்க்கிறது. கை முழுக்கச் சந்தனத்தைக் குழப்பி, அவள் விரல்களைக் குவித்து, மெல்ல மெல்ல ஏற்றுகிறேன். நான் குனிந்திருக்கும்போது சுகிர்தா என் காதருகில் பேசுகிறாள். "அத்தை, காலைலேருந்து தலை தெறிக்குது. கண்ணு முன்னாடி மினுக்கு மினுக்குங்குது. எதிர உள்ளவங்க முகமே சரியாத் தெரியல." நான் நிமிர்ந்து பார்க்கிறேன். "அம்மாட்ட சொல்லிராதீங்க. பட்டினி கெடக்கறதுனாலன்னு திட்டுவாங்க. முடிஞ்சதும் படுத்தாச் சரியாப் போயிரும்." சிரிக்கிறாள். சின்ன வயதிலும் அப்படித்தான், ரேங்க் குறைந்தால் என்னிடம்தான் வருவாள், அத்தை, அம்மாட்ட நீங்க சொல்லுங்க என்பாள். அப்போது சொல்லச் சொன்னவள் இப்போது சொல்லாதே என்கிறாள். எனக்கு நாக்கு எழும்பிவிட்டது, பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. இரண்டே சொல், இப்பவே கிளம்பு. மதினி தட்டைக் கொஞ்சம் தாழ்த்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன், எனக்கும் கோபம் வரும், கோபத்தில் எதையும் சொல்லிவிடலாம். அவள் கெஞ்சலாகப் பார்த்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக நடந்து பெற்றவள் அவள். அந்தக் கண்ணுக்கு முன்னால் நான் எப்படி வாயைத் திறப்பேன். சுகிர்தாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். அழுத்திய இடத்தில் என் விரல்கள் பதிந்து அப்படியே நின்றன. இறங்கிவிட்டேன்.

அண்ணனிடம் சொல்லிவிட வேண்டியதுதான். ஆம்பிளை, கொஞ்சம் யோசிப்பான். சாப்பாட்டுக் கூடத்தில் இலை போடுகிறார்கள், புளியோதரை எலுமிச்சம்பழச் சோறு தேங்காய்ச் சோறு என்று அண்டாக்கள் திறந்து கிடக்கின்றன, அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாங்கிரியை யார் வைப்பது என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறான். நான் தூண் பக்கத்தில் நிற்கிறேன். மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். அண்ணே, பிள்ளைக்குத் தலைவலியாம். இதிலிருந்து ஆரம்பிக்கலாம், தலைவலியில் என்ன தப்பு இருக்கிறது, தலைவலி யாருக்கும் வரும். அப்புறம் கண் மங்கலாக இருக்கிறதாம். அப்புறம் நம்ம அக்கா. இல்லை, அக்கா வேண்டாம். அவன் திரும்பி என்னைப் பார்க்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை, உதடுகூடப் பிரியவில்லை. அவன் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த கரண்டியைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு வேகமாக வருகிறான். "தாயி, வேண்டாம்," என்கிறான். "நீ எதையோ சொல்லத்தான் வந்திருக்க. ஒம் மொகத்துலயே தெரியுது. என்னவா இருந்தாலும் நாளைக்குச் சொல்லு. இன்னைக்கு ஒரு பொழுது மட்டும்." இத்தனை பேர் நடுவில் என் அண்ணன் தவசிமணி எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டான். சின்ன வயதில் நான் பேசப் பேச ரேடியோப்பெட்டி என்று கேலி செய்து கூடச் சிரித்தவன் இவன். அக்கா போனதும் ரேடியோவை அமர்த்திவிட்டார்கள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவனுக்கும் அந்தக் கால் தெரிகிறது, அவனும் அக்காவைப் பார்த்தவன்தானே. அவனும் கண்டுவிட்டான், கண்டதை யாரும் சொல்லாமல் இருந்தால் அது இல்லாமலே போய்விடும் என்று நம்புகிறான். எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

உட்கார்ந்தாயிற்று. இனி ஆரத்தி, அப்புறம் சாப்பாடு, அப்புறம் எப்படியும் அவளைக் காரில் ஏற்றுவார்கள். காரில் நானும் ஏறிக்கொள்வேன். டிரைவரிடம் சொல்லுவேன், அவன் வெளியூர்க்காரன், அவனுக்கு என் நாக்கைத் தெரியாது, பெரியாஸ்பத்திரிப் பக்கம் விடப்பா என்றால் விடுவான். அவர்கள் திட்டட்டும். கார் நின்றபிறகு திட்டட்டும். அதுவரைக்கும் ஒன்றும் ஆகக்கூடாது, ஆரத்தி எவ்வளவு நேரம் ஆகிவிடும். ஆகாது என்று நினை. நினைக்க நினைக்க ஆகிவிடுமோ என்றுதான் வருகிறது. வேறு எதையாவது நினை, அண்டாச் சோறு, மதினியின் புதுச் சங்கிலி, சம்பந்தியம்மாவின் காப்பிக் கறை. எல்லாம் சுற்றிச் சுற்றிப் போய் மொச்சைத் தோலுக்கு வந்து நிற்கிறது. கிழவி ஒருத்தி ராகம் இழுத்துப் பாடுகிறாள், பெண்கள் சிரித்துக்கொண்டே கூடப் பாடுகிறார்கள், பதினாறும் பெற்று வாழ வேண்டும், சிங்கக்குட்டி பிறக்க வேண்டும், நூறு வயது வேண்டும். நல்ல வார்த்தைகளாக அவள் தலைமேல் கொட்டுகிறார்கள், அட்சதை போல. ஒவ்வொன்றும் நல்ல வார்த்தை. அவள் கண்ணை மூடி மூடித் திறக்கிறாள், எதையோ விரட்டுகிறாற்போல முகத்துக்கு முன்னால் கையை அசைக்கிறாள். வளையல் குலுங்குகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லாரும் இன்னும் சிரிக்கிறார்கள். எழுந்து நில்லும்மா, ஆரத்தி எடுக்கணும் என்கிறார்கள். எழுந்து நிற்கிறாள்.

விழுந்தது எனக்குத் தெரியவில்லை. நான் அந்த நேரம் கண்ணை மூடியிருந்தேன். நாற்காலி உருண்ட சத்தமும் வளையல்கள் தரையில் அடித்துக்கொள்கிற சத்தமும்தான் கேட்டன, விடாமல் அடித்துக்கொள்கிற சத்தம். நான் மேடைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மதினி தரையில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் வைத்திருக்கிறாள். பல் கிட்டியிருக்கிறது, வாயோரம் நுரை, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்கிறார்கள், யாரோ தண்ணீர் தெளிக்கிறார்கள், அண்ணன் கார் கார் என்று கத்திக்கொண்டு எங்கேயோ ஓடுகிறான். மதினி தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், பார்வை என் மேல் வந்து நின்றது. "எம்புள்ளைட்ட என்ன சொன்ன? வளையல் போடறப்ப குனிஞ்சு என்ன சொன்ன?" "ஒண்ணும் சொல்லல மதினி. ஒரு வார்த்தை சொல்லல. சத்தியமா சொல்லல," என்றேன். அவளுக்கு அது உண்மை என்று தெரிந்துவிட்டது, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தானே. அப்புறம் கேட்டாள், "அப்ப மனசுல என்ன நெனச்ச?" சுற்றி நின்ற அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அதற்கு மட்டும் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இனிமேல் எதை மறைத்து என்ன. "மதினி, இது ஜன்னி. அக்காவுக்கு வந்ததுதான். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, இப்பவே தூக்குங்க, பெரியாஸ்பத்திரிக்கு," என்று நான் சொல்லத் தொடங்கியதும், மதினி தன் இரண்டு கைகளாலும் மகளின் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.